சாலா ஆச்சி ‘வாங்க’ கேட்ட விதம்

செந்தாமரையைப் பற்றி விசாரித்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் கேட்பது, “செத்தவுகளச் சிரிக்க வைக்குமே, அந்தப் பொண்ணா?” என்பதுதான். நாற்பதைத் தாண்டியவளை இன்னும் பொண்ணு என்பதற்குக் காரணம், அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்திருந்தால் இன்னார் வீட்டுக்காரி, இன்னாருடைய அம்மா என்று ஏதாவது ஒரு பேர் ஒட்டியிருக்கும். அதுதான் இல்லையே, பொண்ணாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் விட்டுவிட்டது.

நான் வேல்பாண்டி. காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் கல்யாண போட்டோ எடுத்தேன். இப்போது பிளக்ஸ் அடிக்கிறேன், விசேஷ வீடுகளுக்கு எல்.இ.டி. திரை வாடகைக்கு விடுகிறேன். பிளக்ஸ் அடிக்க வருகிற ஆளுக்கெல்லாம் நரை இருக்கக் கூடாது, தொந்தி இருக்கக் கூடாது, மீசை மட்டும் இருக்க வேண்டும். அந்த மூஞ்சிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன எனக்கு, செந்தாமரை பென்டிரைவில் கொண்டுவருகிற முகங்கள்தான் மனிதர்கள் மாதிரி இருக்கும். அதனாலேயே அவளை எனக்குப் பிடிக்கும். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று நினைத்தேன். அவளுக்கு ஏறியிருக்காது. நானாவது சொல்லியிருக்கலாம்.

பள்ளத்தூர்க்காரி. அப்பாவுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் பல வருஷம் இருந்தாள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர்கள் அங்கே தயாராகும். கதாநாயகக் கரடி வசனம் பேசும்போது பின்னால் முயல்கள் கூட்டமாக நிற்கும் அல்லவா, அந்த முயல்கள் கண் சிமிட்ட வேண்டும், காதை ஆட்ட வேண்டும். அந்த முயல்கள் இவளுடையவை. “கரடிய ஒரு நாள் கூட என் கையில கொடுக்கலண்ணே” என்பாள். கம்பெனியை மூடினார்கள், அதே சமயம் அப்பா படுத்தார், ஊருக்கு வந்தாள். அப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணன் பூமிநாதன் திருப்பூரில் இருக்கிறான். வருகிறேன் வருகிறேன் என்று போனில் சொல்வதோடு சரி. இவள் அந்த ஓட்டு வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

தங்கி என்ன செய்வது? இறந்துபோனவர்களின் பழைய போட்டோவை வாங்கி, கம்ப்யூட்டரில் புதிதாக வரைந்து கொடுக்க ஆரம்பித்தாள். பிறகு வரைந்த முகத்தை அசையவும் வைத்தாள். ஒரு நிமிஷம் கூட இருக்காது. தாத்தா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து நம்மைப் பார்ப்பார். அத்தை சிரிப்பார். அவ்வளவுதான். அதற்கே சிங்கப்பூர், மலேசியா என்று எங்கெங்கோ இருந்து கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் போனில் கேட்டார்கள். படமும் போனில் வரும், நன்றியும் போனில் வரும், கும்பிடுகிற கை பொம்மையும் வரும். அவள் வீட்டு வாசல்படி ஏறி உள்ளே வருகிற ஒரே ஆள் கேஸ் சிலிண்டர் போடுகிறவர். அவரும் செருப்பைக் கழற்றமாட்டார், அவ்வளவு அவசரம்.

ஒரு தடவை, எப்படி வரைகிறாய் என்று கேட்டேன். முகத்தை வரைய ஆரம்பிப்பது காதில் இருந்து என்றாள். எல்லாரும் கண்ணில் தொடங்குவார்கள், கண் ஆளை மயக்கிவிடும், மற்றதெல்லாம் அதற்கு ஏற்றபடி பொய்யாகிவிடும். காது அப்படியில்லை. கல்யாணப் படத்தில் இருக்கும் காதும் ரேஷன் கார்டில் இருக்கும் காதும் ஒரே காதுதான். காதை வைத்துத் தாடை, தாடையை வைத்துக் கன்னம், கடைசியில் கண். வரைந்து முடித்ததும் முகத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பாள். இமை தனி, கருவிழி தனி, மேலுதடு தனி, கீழுதடு தனி, கைகள் தனி. ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடித்தாளில் வரைந்து அடுக்கின மாதிரி கம்ப்யூட்டருக்குள் அடுக்கி வைத்திருப்பாள். அதற்குள் எலும்பு போடுவாள். எலும்பு என்றால் எங்கே மடங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கான கோடுகள்.

“எலும்பு போட்டாச்சு, சரி. எப்படி அசையணும்னு உனக்கு எப்படித் தெரியும்? செத்தவுக வந்து காட்டிக் கொடுப்பாகளா?”

“அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லண்ணே. போன ஸ்டாண்டுல மாட்டி வச்சு நானே நடிச்சு வீடியோ எடுத்துக்குவேன். அதப் பாத்து வரைவேன். சென்னையில எல்லாரும் அப்படித்தான் செய்வோம். முயலுக்கே நாங்கதான் நடிப்போம்.”

முயல் மாதிரி நடித்துக் காட்டினாள். அன்றைக்கு ரொம்ப நேரம் சிரித்தோம்.

தீக்ஷா என் ஸ்டுடியோவுக்கு வந்தது போன ஆவணிக்கு முன்னால். நேமத்தான்பட்டி ஸ்ரீநிவாசன் மகள். பெங்களூரில் வேலை. கல்யாணம் பூர்வீக வீட்டில் நடக்கப் போகிறது, வாசல் திரைக்கு என்னைச் சொல்லியிருந்தார்கள். கூடவே ஸ்ரீநிவாசனும் வந்திருந்தார், அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குச் செந்தாமரையும் ஏதோ படம் பிரிண்ட் போட வந்து என் கடையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் அம்மா சாலா ஆச்சி (எங்கள் பக்கத்தில் கல்யாணமான செட்டியார் வீட்டுப் பெண் எந்த வயதானாலும் ஆச்சிதான்), இவள் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கல்யாண வாசலில் நின்று வருகிறவர்களை ‘வாங்க’ என்று கேட்க வேண்டும்.

இந்த ‘வாங்க’ கேட்பதைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீட்டு விசேஷத்தில் விருந்தை விட முக்கியம் அது. வந்தவரை வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் நேரில் பார்த்து, கை கூப்பி, ‘வாங்க’ என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் கேட்டுவிட்டார், போதும் என்று அவர் மனைவி இருந்துவிட முடியாது. யாரையாவது கேட்காமல் விட்டுவிட்டால், அவர் இலையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய், அடுத்த தலைமுறை வரைக்கும் சொல்லிக் காட்டுவார். அப்படிப்பட்ட இடத்தில் பெண்ணைப் பெற்றவள் நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கும் என்பதுதான் தீக்ஷாவின் துக்கம்.

“ஆப்ல போட்டுப் பாத்தேன்கா. ஒரே நிமிஷத்துல வந்துருச்சு. ஆனா பல்லு தெரிய சிரிக்குது. அது அம்மா பல்லு இல்ல, யாரோ வெள்ளைக்காரி பல்லு” என்றாள் செந்தாமரையிடம். “எனக்கு அம்மா முகமே போட்டோவுல பாத்ததுதான். நெஜமா பாத்தது ஒண்ணும் ஞாபகத்துல இல்ல. அதனால வர்றது எங்க அம்மாவா இருக்கணும். வேற யாரோ நின்னு எங்க வாசல்ல கேக்குறதுக்கு, யாருமே நிக்காம இருக்கலாம்.”

“உங்க அம்மாவா இல்லேன்னா நானே அழிச்சிருவேன்” என்றாள் செந்தாமரை.

குரல் வேண்டாம் என்று முடிவானது. மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது, உதடு சொன்னால் போதும். கிளம்பும்போது தீக்ஷா இரண்டு கையாலும் செந்தாமரையின் கையைப் பிடித்து, “கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரணும்கா, குடும்பத்தோட வந்துருங்க” என்றாள். செந்தாமரை என்னைப் பார்த்தாள். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

வீடியோ எதுவும் மிஞ்சவில்லை. அவர்கள் கல்யாண கேசட்டில் பூஞ்சை ஏறிக் கருப்பும் வெள்ளையுமாகக் கோடுதான் ஓடியது. இருந்ததெல்லாம் சில போட்டோக்கள், ஒன்றில் கூட வாய் திறந்து இல்லை. செந்தாமரை காதில் ஆரம்பித்துச் சாலா ஆச்சியை வரைந்தாள். வைரத் தோடு, ஒற்றை மூக்குத்தி, அரக்குப் புடவை. படத்தைப் பார்த்ததும் ஸ்ரீநிவாசன் அதைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டாராம். அவ்வளவு சரியாக வந்திருந்தது. பிறகு போனை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு ‘வாங்க’ நடிக்க ஆரம்பித்தாள். வாசலைப் பார்த்து நின்று, கை கூப்பி, வாங்க. சரியில்லை, மறுபடி, வாங்க. பக்கத்து வீட்டு துர்காதேவி காம்பவுண்டுச் சுவர் வழியாகத் தலையை நீட்டி, “யாரு, செந்தாமரை, வந்துருக்காக? காலையில இருந்து கேட்டுக்கிட்டே இருக்கியே, உள்ள வரமாட்டேங்குறாகளா?” என்றாராம். இதை என்னிடம் சொல்லி அவளே சிரித்தாள். எனக்கு ஏனோ அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மத்தியானம் முதல் வீடியோவைக் கொண்டுவந்தாள். திரையில் போட்டேன். சாலா ஆச்சி நின்றார். தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து, தாடையை இறக்கி, ஒரு புருவத்தை மேலே தூக்கி, அப்புறம் பாதி உதட்டால் சிரித்து, கை கூப்பினார்.

என் வாய் சும்மா இருக்காது. “என்ன தாமரை, உனக்கே அரக்குப் புடவை கட்டி நிறுத்திட்டியா?” என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. நான் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். என் கம்ப்யூட்டரில் அவள் செய்த பழைய வீடியோக்கள் எல்லாம் கிடந்தன, விசேஷங்களில் ஓடவிட்டவை. ஒவ்வொன்றாகப் போட்டேன். சிவகங்கை பஸ் டிரைவர், பெரிய மீசை, தலையை இடப்பக்கம் சாய்த்துத் தாடையை இறக்கினார். கானாடுகாத்தான் கணக்குப்பிள்ளை புருவத்தைத் தூக்கினார். தேவகோட்டை டீச்சர் பாதி உதட்டால் சிரித்தார். பல் முளைக்கும் முன்பே போய்விட்ட ஒரு கைக்குழந்தை கூடத் தலையை அப்படித்தான் சாய்த்தது. இடைஞ்சல் பண்ணிட்டேனோ என்று கேட்பதைப் போல ஒரு சாய்ப்பு. என் கடைக்குள் நுழையும்போது செந்தாமரை தினமும் நிற்கிற அதே நிற்பு. இத்தனை வருஷம் எனக்கும் தெரியவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்ததால் தெரியவில்லை. வரிசையாக ஓடவிட்டதும் எல்லாரும் அவளாக இருந்தார்கள்.

சிரிப்பேன் என்று நினைத்தவனுக்குச் சிரிப்பு செத்துப்போனது. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வீட்டுல வேற மொகம் இல்லண்ணே” என்றாள்.

டீ வாங்கி வரச் சொல்லவா என்று கேட்டேன். முட்டாள்தனம்.

அந்த நேரம் பார்த்துத் தீக்ஷாவிடமிருந்து போன். காலையிலேயே செந்தாமரை அவளுக்கும் வீடியோவை அனுப்பியிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். “அக்கா, பாத்துக்கிட்டே இருக்கேன். ரொம்ப நல்லாருக்கு. அம்மா இப்படித்தான் தலைய சாய்ப்பாங்க போல, இல்ல? இனிமே அம்மான்னா எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.”

செந்தாமரை, அது இன்னும் முடியவில்லை, கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் புத்தி சொன்னேன். “அந்தப் பிள்ளைக்கே பிடிச்சிருக்கு. கல்யாணம் நெருங்கிருச்சு. விடு. யாருக்குத் தெரியப் போகுது?”

“காலம் பூரா அவ அம்மான்னு நினைச்சு என்னைய நினைச்சுக்கிட்டு இருப்பாண்ணே. திருட்டு இல்லையா அது?”

என் எதிரிலேயே அழித்தாள். வரைந்த முகத்தை வைத்துக்கொண்டாள், அசைவு எல்லாவற்றையும் அழித்தாள். வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை. வாக்குக் கொடுத்தாயிற்று என்பதற்காக இப்படியா என்று எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் நேமத்தான்பட்டிக்குப் போய் ஸ்ரீநிவாசனையே கேட்டாள், ஆச்சி எப்படி ‘வாங்க’ கேட்பார்கள் என்று.

“வாசல்ல நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல தானேம்மா நிப்போம். நான் வர்றவுகளப் பாத்துக்கிட்டு நிப்பேன். அவ வளையல் சத்தம் கேக்கும், அப்புறம் ‘வாங்க’ம்பா. அந்த நேரத்துல அவ மொகத்த நான் பாத்ததே இல்லையே” என்றவர் கண் கலங்கிவிட்டாராம். பார்த்திருக்கலாம், ஒருநாளாவது திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒருத்தி ‘வாங்க’ கேட்கிற முகம் அவள் வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது, வந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் காலத்தில் அந்த வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் யார் யார் என்று ஸ்ரீநிவாசனிடம் கேட்டுக்கொண்டு, பஸ் பஸ்ஸாக ஏறி இறங்க ஆரம்பித்தாள். பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், முன்பின் தெரியாத வீடுகளின் கதவைத் தட்டி, செத்துப்போனவள் எப்படி வரவேற்பாள் என்று நடித்துக் காட்டச் சொன்னாள். எனக்குத் தெரிந்து அவள் செய்த பெரிய காரியம் அதுதான். படம் வரைந்ததெல்லாம் அப்புறம்.

இளையாத்தங்குடிக்கு மட்டும் நான் வண்டியில் கூட்டிப் போனேன், ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீநிவாசனின் அண்ணன் மனைவி நாச்சம்மை ஆச்சி அங்கே இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிலைவாசலில் நின்றார்.

“உக்காந்துக்கிட்டுச் சொன்னா வராது ஆத்தா. நீ அங்குட்டுப் போயி வெளிய இருந்து வா. நான்தான் சாலா.”

செந்தாமரை செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்த் திரும்பி வந்தாள். நான் போனில் எடுத்தேன். ஆச்சி அவளைப் பார்க்கவில்லை. குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, செந்தாமரையின் தோளைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகுதான் கண் அவளிடம் திரும்பியது. திரும்பியதும் முகம் மலர்ந்து, “வாங்க” என்றார்.

“யாரைப் பாத்தீக ஆச்சி?” என்றாள் செந்தாமரை, திரும்பித் தெருவைப் பார்த்தபடி.

“நான் எங்க பாத்தேன்? அவ அப்படித்தான் பாப்பா. முன்னாடி வர்றவுகள எல்லாரும் கேட்ருவாக, பின்னாடி வர்றவுகதான் விட்டுப்போயிருவாகன்னு சொல்லுவா. கைப்பிள்ளக்காரி, வயசாளி, வண்டி ஓட்டிக்கிட்டு வந்தவரு, இவுகதானே கடைசியா வருவாக? மொதல்ல பின்னாடி யாரு யாருன்னு ஒரு பார்வை. அப்புறந்தான் ‘வாங்க’. அவளுக்குன்னே நாங்க கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டு நிப்போம். நம்ம ஊருல விசேஷத்துக்கு ஒத்த ஆளா யாரு ஆத்தா வருவா?”

செந்தாமரை குனிந்து செருப்பைக் கழற்றினாள். எனக்கு அந்த ஆச்சியின் மேல் கோபம் கூட வந்தது. அவருக்கு என்ன தெரியும், பாவம்.

போன இடத்திலெல்லாம் ஆளுக்கு ஒரு மாதிரி நடித்தார்கள். ஒருவர் வாய் நிறையச் சிரித்துக் காட்டினார். ஒருவர் சாலா சிரிக்கவே மாட்டாள், தலையைத்தான் அசைப்பாள் என்று சத்தியம் செய்தார். ஒருவர் நடித்து முடித்து, கையோடு காபியும் பலகாரமும் கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனால் எல்லார் கண்ணும் முதலில் செந்தாமரையின் தோளைத் தாண்டிப் போனது. அந்த ஒன்றில் யாருக்கும் வித்தியாசம் இல்லை.

எடுத்த வீடியோக்களை எல்லாம் என் கடையில் உட்கார்ந்து மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பாள். வயசான ஆச்சிகள் ஒவ்வொருவராக வாசலில் நின்று, அவளைப் பார்த்து, வாங்க, வாங்க, வாங்க.

“இன்னுமா வேலை முடியல?” என்று சீண்டினேன்.

“வேலை முடிஞ்சிருச்சுண்ணே. சும்மா பாக்குறேன்” என்றாள். வீடியோவை நிறுத்தி, “என்னைய யாரும் இத்தன தடவ கேட்டதே இல்ல” என்றாள்.

சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளத்தூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். என் வீட்டுக்காரியிடம் சொல்லி ஒருநாள் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். கல்யாண சீசன், பிளக்ஸ் வேலை தலைக்கு மேல் கிடந்தது, தள்ளிக்கொண்டே போனது.

புதிதாக எலும்பு போட்டு, புதிதாக அசைய வைத்துக் கொண்டுவந்ததைத் தீக்ஷாவுக்குக் காட்ட வேண்டாம், நேரே வாசலிலேயே பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாள். பயம்தான். அந்தப் பெண்ணுக்குப் பழைய சாய்ப்பே பிடித்துப்போயிருந்தால் என்ன செய்வது? அம்மாவை நிஜமாகப் பார்த்த ஞாபகம் இல்லாதவள், அவளே முகத்தைச் சுளித்துவிட்டால், ஊரெல்லாம் சுற்றியதற்கு என்ன அர்த்தம்?

கல்யாணத்தன்று நேமத்தான்பட்டி வீட்டு முகப்பில், நிலைவாசலுக்கு வலப்பக்கம், ஆள் உயரத்துக்குத் திரையை நிறுத்தினேன். பூச்சரம் சுற்றி, அடியில் கோலம் போட்டிருந்தார்கள். தள்ளி நின்று பார்த்தால் வாசலில் ஒருவர் நிற்பது போலவே இருந்தது. பக்கத்தில் ஸ்ரீநிவாசன், பட்டு வேட்டியில். நான் லேப்டாப்போடு ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சாலா ஆச்சி கழுத்தை நீட்டிப் பின்னால் பார்த்தார், பார்வையை எதிரே நிற்பவரிடம் கொண்டுவந்தார், மலர்ந்தார், கை கூப்பினார், ‘வாங்க’ என்றது உதடு. முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து.

முதலில் வந்தது நாச்சம்மை ஆச்சியின் கூட்டம். வாசலேறிய ஆச்சி திரையைப் பார்த்தார். பார்த்தவர் அழவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பழக்கதோஷத்தில் ஓரமாக ஒதுங்கி நின்று, பின்னால் கைக்குழந்தையோடு வந்த மருமகளுக்கு வழிவிட்டு, “சாலா பாக்குறாளே, முன்னாடி வா” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே என்ன சொன்னோம் என்று தெரிந்தது. அப்படியே நின்று வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கப்புறம் வந்த வயசானவர்கள் எல்லாரும் அதையேதான் செய்தார்கள். திரைக்கு முன்னால் வந்ததும் யாரும் சொல்லாமலே ஒதுங்கினார்கள். ஏதோ என் ஜென்மத்தில் திரை வாடகைக்கு விட்டதற்கு ஒரு அர்த்தம் கிடைத்தாற்போல இருந்தது எனக்கு.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது ஸ்ரீநிவாசன் தன் இடத்தை விட்டு இறங்கித் தெருவுக்குப் போனார். எங்கே போகிறார் என்று பார்த்தேன். வெளிக்கதவு வரைக்கும் போய், விருந்தாளி மாதிரி திரும்பி நடந்து வந்து, மனைவிக்கு எதிரே நின்றார். அப்பாவைத் தேடிக்கொண்டு கல்யாணப் புடவையோடு தெருவுக்கு இறங்கிப் போன தீக்ஷா, அவர் பின்னாலேயே படியேறி வந்தாள். அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாலா ஆச்சி கணவரின் தோளைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் மகள் நின்றாள். ஸ்ரீநிவாசன் ஒதுங்கி, மகளுக்கு வழி விட்டார். “அம்மா என்னையத்தான் பாக்குறாங்கப்பா” என்று அந்தப் பெண் கத்திவிட்டாள். மேளக்காரர்கள் கூட ஒரு நொடி திரும்பினார்கள். பெண் அழக் கூடாது, மை கலையும் என்று நாலு பேர் ஓடிவந்து அவளைக் கூட்டிப் போனார்கள். போகும்போது, “செந்தாமரைக்கா வந்துட்டாங்களா? வந்ததும் சொல்லுங்க” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

முகூர்த்தம் நெருங்கியது. கெட்டிமேளம் கொட்டப் போகிறது என்று வாசலில் நின்ற எல்லாரும், ஸ்ரீநிவாசன் உட்பட, உள்முற்றமான வளவுக்குள் போய்விட்டார்கள். முகப்பில் நானும் திரையும்தான்.

அப்போதுதான் செந்தாமரை வந்தாள். பள்ளத்தூரில் பஸ் தவறிவிட்டதாம், பிறகு சொன்னாள். நல்ல புடவை, தலையில் பூ, கையில் பரிசுப் பொட்டலம். உள்ளே எல்லாரும் இருக்க, ‘வாங்க’ கேட்க வாசலில் ஒருத்தரும் இல்லை. படியேறினாள். தூணுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்க்கவில்லை. திரைக்கு எதிரே வந்து நின்றாள்.

சாலா ஆச்சி குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, அவள் தோளைத் தாண்டிப் பார்த்தார். அவளே போட்ட எலும்பு, அவளே வரைந்த கண். அடுத்து என்ன வரும் என்று அவளை விட யாருக்குத் தெரியும்? ஆனாலும் திரும்பித் தெருவைப் பார்த்தாள். தெருவில் வெயில்தான் இருந்தது. அவள் திரும்புவதற்குள் ஆச்சி கை கூப்பி முடித்து, மறுபடியும் பின்னால் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

எழுந்து போய் நானாவது ‘வா’ என்று கேட்டிருக்க வேண்டும். மடியில் லேப்டாப், காலைச் சுற்றி வயர். உள்ளே கெட்டிமேளம் கொட்டியது.

செந்தாமரை தலையைச் சாய்க்காமல் நிமிர்ந்து ஆச்சியைப் பார்த்துக் கை கூப்பினாள். பிறகு மற்றவர்கள் எல்லாரும் செய்ததைப் போலவே, பரிசுப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டாள்.